பழைய போனில் எவ்வளவு தங்கம், யார் அளக்கிறது?

(சிட்னி வெண்ட்வேர்த்வில் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுத் தமிழைக் கொஞ்சம் அப்படியே விட்டிருக்கிறேன்.)



பழைய போன் சேர்த்து, விற்கிற காசை நிதிக்குப் போடுவோம் என்று முடிவெடுத்தோம் அல்லவா? மூன்று பெட்டி நிறைஞ்சிட்டுது. ஒரு மீள்சுழற்சி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை வந்தது. "உள்ளுக்கு எவ்வளவு தங்கம் இருக்குது என்று பார்த்துத்தான் இந்த விலையோ?" என்று திருப்பி எழுதினோம். அதுக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறேன். நான் ஆய்வுகூடத்தில் செய்யிற வேலையும் அதுதான். சர்க்யூட் போர்டை அரைச்சு, அமிலத்தில் கரைச்சு, என்ன உலோகம் எவ்வளவு இருக்குது என்று பார்க்கிறது.

முதலில் கணக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2009இல் வெளியிட்ட ஓர் அறிக்கையின்படி ஒரு போனில் சுமார் 24 மில்லிகிராம் தங்கம், 250 மில்லிகிராம் வெள்ளி, 9 மில்லிகிராம் பல்லேடியம், 9 கிராம் செம்பு. மொடலுக்கு மொடல் இது மாறும். எங்கட அம்மாமாரின் கணக்கில் சொன்னால், ஒரு பவுண் 8 கிராம். ஒரு பவுண் சேர 330க்கு மேற்பட்ட போன் வேணும். எங்கட மூன்று பெட்டியை வைத்துக்கொண்டு ஒருத்தரும் தாலிக்கொடிக் கனவு காண வேண்டாம்.

ஆனால் தொன் கணக்கில் பாருங்கோ. பற்றரி கழற்றின போன் ஒரு தொன்னில் 200 கிராமுக்கு மேல் தங்கம் வரும். சுரங்கத்தில் ஒரு தொன் பாறைக்குச் சில கிராம் கிடைத்தாலே தோண்டுவார்கள். 2022இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் தொன். அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டும். அந்த ஒரு வருசக் கழிவில் இருந்த உலோகத்தின் பெறுமதி 91 பில்லியன் அமெரிக்க டொலர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தங்கம் மட்டும் 15 பில்லியன். இவ்வளவு காசு புழங்கிற இடத்தில் அளவுகோல் யாரின்ர கையில் இருக்குது என்பது சின்ன விசயம் இல்லை.

அளக்கிறது லேசான வேலையும் இல்லை. நகைக்கடையில் முந்தி உரைகல்லில் தேய்ச்சுப் பார்ப்பார்கள். இப்ப எக்ஸ் கதிர் மெசினில் வைத்து, கரட் எவ்வளவு என்று ஒரு நிமிசத்தில் சொல்லிவிடுவார்கள். அதே தொழில்நுட்பத்தில் கையில் பிடிக்கிற துப்பாக்கி மாதிரி ஒரு கருவி கழிவு வியாபாரத்திலும் இருக்குது. சங்கிலி வெளியிலும் உள்ளுக்கும் ஒரே உலோகம் என்றபடியால் அந்த மெசின் அங்கே சரி. போர்ட் அப்படி இல்லை. செருகுமுனையில் மினுங்கிற தங்கம் மெல்லிய பூச்சு. அதுக்குக் கீழே நிக்கல், அதுக்குக் கீழே செம்பு. கருவியின் கண்ணுக்கு மேல்தோல்தான் தெரியும். மினுங்கிற இடத்தில் பிடித்தால் தங்கச் சுரங்கம். பக்கத்தில் உள்ள கறுப்புச் சிப்பில் பிடித்தால் ஒன்றுமில்லை. உண்மையில் அந்தச் சிப்புக்குள் தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பிகள் இருக்கலாம்.

அப்ப அரைக்க வேணும். அங்கேயும் ஒரு சிக்கல். கண்ணாடி நாரும் பிளாஸ்டிக்கும் மாவாகும், தங்கமும் செம்பும் மாவாகாது. தட்டையாகும், நெளியும், அரைக்கிற மெசினிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு கிராம் தூள் அள்ளும்போது ஒரு துணுக்குத் தங்கக் கம்பி அதுக்குள் விழுந்தால் ஒரு விடை, விழாவிட்டால் வேறு விடை. ஒரே தொகுதியில் எடுத்த இரண்டு மாதிரி எனக்கு இரண்டு எண்ணைத் தந்தபோது என்ர கையில்தான் பிழை என்று நினைச்சு முழுவதையும் திரும்பச் செய்தேன். பிழை கையில் இல்லை, மாதிரி எடுக்கிற முறையில். கனக்க அரைச்சு, நல்லாய்க் கலந்து, சரியாய்ப் பிரிச்சு எடுத்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். அதுக்குப் பிறகுதான் ராஜ திராவகம், பிளாஸ்மா மெசின் எல்லாம்.

பெரிய உருக்காலைகளுக்கு இது நல்லாத் தெரியும். தொன் கணக்கில் விற்கிற கொம்பனி உருக்காலையோடு ஒப்பந்தம் போடும்போது மாதிரியைப் பங்காகப் பிரித்து முத்திரை வைப்பார்கள். விற்கிறவருக்கு ஒன்று, வாங்கிறவருக்கு ஒன்று, இரண்டு பேரின் முடிவும் ஒத்துவராவிட்டால் நடுவருக்கு ஒன்று. நியாயமான முறை. ஆனால் அந்த மேசையில் இருக்க உங்களிட்ட தொன் கணக்கில் சரக்கு வேணும்.

இதே போர்ட் டெல்லி சீலம்பூரில் என்ன விலைக்குக் கைமாறுது? கிலோவுக்கு. நிறத்தைப் பார்த்து, ஆளின் அனுபவத்தைப் பார்த்து. பழைய ரி.வி.க்குள் இருக்கிற மண்ணிறப் போர்ட் மலிவு, போன் போர்ட் விலை கூட. பொறுக்குகிற ஆள் ஒரு விலைக்கு விற்பார், கடைக்காரர் இன்னொரு விலைக்கு விற்பார், கடைசியில் அளக்கிற ஆளின் கையில்தான் உண்மையான எண் வரும். இடையில் இருக்கிற வித்தியாசம் அளக்கத் தெரிந்தவரின் பையில். நகைக்கடையில் சேதாரம் என்று வெட்டும்போது அம்மா முணுமுணுப்பா. ஆனால் எத்தனை சதவீதம் என்று அவவுக்குச் சொல்லியாவது வெட்டுவார்கள்.

இந்த நாட்டிலேயே ஒரு ஒப்பீடு இருக்குது. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் உள்ள சுரங்கக் கொம்பனி "எங்கட நிலத்தில் தொன்னுக்கு இத்தனை கிராம் தங்கம்" என்று சும்மா சொல்ல ஏலாது. 1989இல் இருந்து ஜோர்க் விதிக்கோவை என்று ஒன்று இருக்குது. மாதிரி எப்படி எடுத்தது, எப்படிச் சோதித்தது என்று பகிரங்கமாகச் சொல்ல வேணும், தகுதியுள்ள ஒரு நிபுணரின் பெயரோடு. அது யாருக்காக? முதலீட்டாளர் ஏமாறக்கூடாது என்பதற்காக. தங்கம் பாறையில் இருந்தால் அளவை வெளியில் சொல்ல விதி இருக்குது. அதே தங்கம் எங்கட பெட்டியில் இருந்தால் கேட்டாலும் பதில் இல்லை.

சரி, அரசாங்கத் திட்டம்? 2011இல் தொடங்கின தேசிய தொலைக்காட்சி, கணினி மீள்சுழற்சித் திட்டத்தில் 90 சதவீதப் பொருள் மீட்பு என்று ஓர் இலக்கு இருக்குது. கேட்க நல்லா இருக்கும். ஆனால் அது நிறைக் கணக்கு. இரும்பு, கண்ணாடி, பிளாஸ்டிக் சேர்ந்தாலே நிறை வந்துவிடும். தங்கம் முழுவதும் தொலைந்தாலும் அந்தச் சதவீதம் அசையாது. விக்டோரியாவில் 2019 யூலை 1இல் இருந்து மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் போடத் தடை. மெல்பேர்ண் தோழர்கள் அதைப் பெருமையாச் சொல்லுவினம், சொல்லட்டும். ஆனால் குப்பைமேட்டுக்குப் போகாதது எங்கே போகுது என்பது அடுத்த கேள்வி. இந்தியாவின் 2022 விதிகள் இதில் ஒரு படி மேலே. உற்பத்தியாளர் காட்ட வேண்டிய சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்று உலோகவாரியாக. ஆனால் அந்தப் பட்டியலில் ஈயம் இல்லை.

ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேணும். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தும் வரைக்கும் வந்த போர்டுகளில் வழமையான பற்றாசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயம். அடுப்பில் போர்டைச் சூடாக்கிச் சிப்பைக் கழற்றும்போது அந்தப் புகைக்குப் பக்கத்தில் பிள்ளைகளும் இருப்பினம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இதைப் பற்றியே தனியாக ஒரு அறிக்கை போட்டது. நான் தங்கத்துக்காகக் கரைக்கிற அதே திரவத்தில், அதே மெசினில், ஈயத்தையும் கட்மியத்தையும் அளக்கலாம். மேலதிக வேலை மிகக் குறைவு. வாங்கிறவர் கேட்கிற அறிக்கையில் தங்கம், வெள்ளி, பல்லேடியம், செம்பு இருக்கும். உருக்காலைக்குத் தொந்தரவு தருகிற மூலகங்களும் இருக்கும், ஏனென்றால் அதுகளுக்கு விலையில் அபராதம் வெட்டலாம். உலைக்குக் கெடுதல் என்றால் அளப்பார்கள். சிப்பைக் கழற்றுகிற பிள்ளையின் இரத்தத்துக்குக் கெடுதல் என்றால் அந்த வரிசைக்குக் காசு கட்ட ஆள் இல்லை.

"இங்கேயே செய்யலாமே" என்று போன முறை ஒரு தோழர் கேட்டவர். செய்யலாம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வீணா சகஜ்வாலாவின் குழு 2018இல் மின்னணுக் கழிவுக்கான நுண்தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. கழிவைக் கடல் தாண்டி அனுப்பாமல், சின்ன அளவில், சேருகிற இடத்திலேயே பொருளாக மாற்றுவது நோக்கம். எனக்கு அந்த யோசனை பிடிக்கும். ஆனால் தொழிற்சாலை சின்னதா இருந்தால் மட்டும் அது எங்கட கையில் இருக்குது என்று அர்த்தம் இல்லை. சோதனை அறிக்கை யாருக்குப் போகுது என்று அங்கேயும் கேட்க வேணும்.

அதால எங்கட மூன்று பெட்டிக்கும் நான் முன்வைக்கிறது இது. முதலில் வேலை செய்யிற போனைப் பிரிப்போம். அழிக்க வேண்டியதை அழித்து, தேவையான ஆளுக்குக் கொடுப்போம். 24 மில்லிகிராம் தங்கத்தை விட ஓடுகிற ஒரு போன் பெறுமதி கூட. மிச்சத்துக்கு அந்த நிறுவனத்துக்குத் திரும்ப எழுதுவோம். எந்த உருக்காலைக்குப் போகுது, மாதிரிச் சோதனையின் முடிவை எங்களுக்குக் காட்டுவீங்களோ, அதில் ஈயமும் இருக்குமோ. வெளிநாட்டுக்கு அனுப்புறதென்றால் பாசல் உடன்படிக்கையின் கீழ் அந்த நாட்டின் முன்சம்மதம் இருக்குதோ. 2025 சனவரி 1இல் இருந்து எல்லா மின்னணுக் கழிவுக்கும் அது கட்டாயம். பதில் வராவிட்டால் இன்னும் இரண்டு இடத்துக்கு எழுதுவோம், வந்த பதிலையும் வராத பதிலையும் இந்தச் செய்திமடலிலேயே போடுவோம். கடிதம் நான் எழுதுறேன். கையெழுத்துப் போட ஆள் வேணும்.

கடைசியா, பற்றரி வீங்கின போனை அடுத்த முறை பெட்டிக்குள் போட வேண்டாம். போன ஞாயிறு ஒன்று இருந்தது. அழுத்துப்பட்டால் தீப்பிடிக்கும். அதைத் தனியாக என்னிட்டத் தாங்கோ.