சோதனை வாசலுக்கு வரட்டும்!

(பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேச வேண்டியவன் கர்ப்பப்பை நோயைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் நினைக்கலாம். ஆண்பிள்ளை பேசக்கூடிய விஷயமா இது என்றும் கேட்கலாம். பேசாமல் இருந்ததன் பலனை என் வீட்டிலேயே கண்டவன் நான். அதனால்தான் பேசுகிறேன்.

என் மூத்த அக்காள் நடவு நட்டுப் பிழைத்தவள். மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் கழித்து அவளுக்கு உதிரம் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றையக் கூலி போய்விடும். ஆண் டாக்டர் இருந்தால் என்ன செய்வது என்ற வெட்கம் வேறு. வலி பொறுக்காமல் போனபோது, காலம் கடந்துவிட்டது என்றார்கள். எட்டே மாதத்தில் அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் சென்றோம்.

இது அவள் தலைவிதியா? இல்லை, தோழர்களே! தடுத்திருக்கக்கூடிய சாவு!

2022ஆம் வருஷத்தில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டது. சுமார் 80,000 பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் கிருமி. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹவுசன் 1980களில் இதைக் கண்டறிந்தார். அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். இந்தக் கிருமி உடலுறவின் மூலம் தொற்றுகிறது. பெரும்பாலோருக்குத் தானாகவே மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தங்கிய கிருமி புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15, 20 வருஷம் ஆகும். அந்த இடைக்காலத்தில் வலியும் இராது, உதிரமும் படாது.

இங்கே ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் மனைவியைச் சந்தேகிக்காதீர்கள். எத்தனையோ வருஷத்துக்கு முன் தொற்றியதாக இருக்கலாம். அவளுக்குக் கொடுத்தது நீங்களாகவும் இருக்கலாம்!

15 வருஷ அவகாசம் இருந்தும் ஏன் சாகிறார்கள்? சோதனை அவர்களை எட்டவில்லை! 2019-21இல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கைப் பாருங்கள். 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் இந்தச் சோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

சோதனையால் பலன் உண்டா? மராட்டிய மாநிலம் உஸ்மானாபாத் கிராமங்களில் 1999இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. முடிவு 2009இல் வெளிவந்தது. ஒரே ஒரு தடவை எச்.பி.வி. சோதனைக்கு அழைக்கப்பட்ட சுமார் 34,000 பெண்களில், இந்த நோயால் இறந்தவர்கள் 34 பேர். அழைக்கப்படாத சுமார் 31,000 பேரில் இறந்தவர்கள் 64 பேர். ஏறக்குறைய பாதிச் சாவு குறைந்தது!

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணே தனக்குத் தானே சோதனைக்கு எடுத்துக்கொடுக்கலாம். மெல்லிய பஞ்சுக் குச்சியைப் பிறப்புறுப்பினுள் செலுத்தி, சில முறை சுழற்றி, குழாயில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். கதவைச் சாத்திக்கொண்டு தன் வீட்டிலேயே செய்யலாம். யார் முன்னும் படுக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் சரியான முறையில் சோதித்தால், டாக்டர் எடுத்ததற்கு ஈடான முடிவே கிடைக்கும். உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றுள்ளது. 30 வயதுக்கு மேல் 5 முதல் 10 வருஷத்துக்கு ஒரு தடவை போதும் என்கிறது.

அர்ஜென்டினாவில் ஹுஹுய் என்ற மாகாணம் இருக்கிறது. கரும்புத் தோட்டங்களும் மலைக் கிராமங்களும் நிறைந்த பூமி. 2012இல் அங்கே சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். ஒரு பிரிவுப் பெண்களிடம் குச்சியைக் கையிலேயே கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினரிடம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களில் ஆறு மாதத்துக்குள் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 20 பேர். குச்சி கையில் கிடைத்தவர்களில் 86 பேர்! பெண்கள் அக்கறையில்லாதவர்கள் என்று இனி யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் குச்சி மட்டும் உயிரைக் காப்பாற்றாது. கிருமி இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமல்ல, பயப்படாதீர்கள். ஆனால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். நோயாக மாறுமுன் உள்ள புண்ணைக் குளிராலோ சூட்டாலோ சில நிமிஷத்தில் அகற்றிவிடலாம். உதிரப் போக்கோ நாற்றமுள்ள வெள்ளையோ இருந்தால் குச்சிக்காகக் காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்ததுபோல, இந்தக் குச்சியும் இலவசமாக வாசலுக்கு வர வேண்டும். முடிவை அந்தப் பெண்ணின் கையில் ரகசியமாகக் கொடுத்து, தாலுகா ஆஸ்பத்திரியிலேயே சிகிச்சை தர வேண்டும். சிகிச்சைக்குப் போகும் நாளுக்கு ஆலையிலும் வயலிலும் கூலி பிடிக்கக்கூடாது.

கூலிச் சீட்டில் ஒரு ரூபாய் குறைந்தால் கேட்கிறோம். நம் பெண்களின் உயிர் குறையும்போது வாய்மூடி இருப்பதா? இன்றே வீட்டுக்குப் போய் உங்கள் தாயிடம், மனைவியிடம், அக்காளிடம் இதைப் பேசுங்கள். என் அக்காளிடம் நான் பேசவில்லை. நீங்கள் பேசுங்கள்!