கொலைஞன் கேட்ட கேள்வி: மூன்று தத்துவ மரபுகளில் வாய்மை



கீழைத் தத்துவம், இஸ்லாமியத் தத்துவம், மேலைத் தத்துவம் ஆகிய மூன்றையும் அறவியல் நோக்கில் ஒப்பிட்டு, அதனால் இக்கால வாழ்வுக்கு விளையும் பயனைச் சிந்திக்க வேண்டும் என்பது இச்சொற்பொழிவின் பொருளாக எனக்குத் தரப்பட்டது. பெயர்களையும் கொள்கைகளையும் வரிசையாக அடுக்கிச் செல்வேனாயின், இம்மண்டபத்தை விட்டு நீங்கள் வெளியேறும்போது உங்கள் நினைவில் எதுவும் எஞ்சாது. ஆகையால், மூன்று மரபுகளும் தத்தம் போக்கில் எழுப்பிக்கொண்டு, வியக்கத்தக்க ஒற்றுமையோடு ஒரே காட்சியாகக் கற்பனை செய்து பார்த்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவனைக் கொல்லத் துரத்தி வருபவன் நம் வாயிலில் நின்று, அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கேட்கிறான்; ஒளிந்த இடம் நமக்குத் தெரியும்; நாம் என்ன சொல்வது?

இக்கேள்வியை நம் நாட்டில் விரிவாக ஆராய்வது மகாபாரதத்தின் கர்ண பருவம். பதினேழாம் நாள் போரில் கர்ணனால் புண்பட்டுப் பாசறைக்குத் திரும்பிய யுதிஷ்டிரன், மனம் நொந்து அர்ச்சுனனை இகழ்ந்து, காண்டீவத்தை வேறொருவனிடம் கொடுத்துவிடு என்று சொல்லிவிடுகிறான். அவ்வாறு சொல்பவன் எவனாயினும் அவனைக் கொல்வதாக முன்னமே விரதம் பூண்டிருந்த அர்ச்சுனன், அந்தச் சத்தியத்தைக் காக்கும் பொருட்டுத் தமையன்மீதே வாளை உருவுகிறான். அப்போது கண்ணன் அவனைத் தடுத்துக் கூறும் கதைகளுள் ஒன்று கௌசிகன் என்னும் அந்தணனுடையது. (விசுவாமித்திரருக்கும் அப்பெயர் உண்டு, இவன் வேறு.) பொய்யே உரைப்பதில்லை என்ற விரதத்தால் புகழ் பெற்று, ஆறுகள் கூடுமிடத்தில் தவம் செய்துகொண்டிருந்த அவனிடம், கொள்ளையருக்கு அஞ்சி ஓடிவந்து காட்டில் மறைந்த மக்களைப் பற்றி அக்கொள்ளையரே வந்து கேட்க, அவன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். மறைந்திருந்தோர் அனைவரும் கொல்லப்பட்டனர். சத்தியவான் என்று ஊரே போற்றிய கௌசிகன் நரகம் புகுந்தான்.

இக்கதையை மட்டும் படித்துவிட்டு, சந்தர்ப்பத்துக்கு ஏற்பப் பொய் சொல்லலாம் என்று நம் முன்னோர் அனுமதி அளித்துவிட்டனர் என முடிவு கட்டுவோர் உளர். அவர்கள் இரண்டு நாள் முந்தைய நிகழ்ச்சியை மறந்தவர்கள். பதினைந்தாம் நாளில், அசுவத்தாமா என்னும் பெயருடைய யானை கொல்லப்பட்ட பின், அதே பெயருடைய மகனைப் பெற்ற துரோணரிடம் அசுவத்தாமா மாண்டான் என்று சொல்லி, யானை என்ற சொல்லை மட்டும் காதில் விழாத மெல்லிய குரலில் உரைத்தவன் இதே யுதிஷ்டிரன். சொல்லை நிறுத்துப் பார்த்தால் அவன் கூறியதில் பொய் இல்லை. எனினும், அதுவரை நிலத்தில் படாமல் நால்விரல் உயரத்தில் சென்ற அவன் தேர் அக்கணமே மண்ணைத் தொட்டது என்கிறது இதிகாசம். இறுதியில் அவன் சிறிது நேரம் நரகத்தைக் காண நேர்ந்ததற்கும் அதுவே காரணம் என்கிறது. சொல்லளவில் மெய்யான பேச்சு இருவரை நரகத்தின் பக்கம் கொண்டு சென்றது என்பதையும், ஒருவன் தன் விரதத்தின் புகழைக் காக்கவும் மற்றவன் தன் வெற்றியைக் காக்கவுமே பேசினர் என்பதையும் சேர்த்து நோக்கினால், வியாசர் எதை நிறுக்கிறார் என்பது விளங்கும். வாய்மை அதிகாரத்தின் முதலிரு குறள்களில், பிறர்க்குத் தீங்கு பயவாமையையும் குற்றமற்ற நன்மையையும் வாய்மையின் உரைகல்லாக வள்ளுவர் வைத்ததும் இந்நோக்கிலேயே என்பது என் கருத்து.

இனி இமாம் கஸ்ஸாலியிடம் வருவோம். பாரசீகத்துத் தூஸ் நகரில் 1058ஆம் ஆண்டு பிறந்து, பக்தாதின் நிஜாமிய்யாக் கல்விச்சாலையில் தலைமைப் பேராசிரியராய் வீற்றிருந்து, புகழின் உச்சியில் இருக்கையிலேயே 1095இல் அப்பதவியைத் துறந்து வெளியேறிய அப்பெரியார், நாற்பது பகுதிகளாக இயற்றிய ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் நாவின் தீமைகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். பேச்சு என்பது ஒரு நோக்கத்தை அடைவதற்கான வழி என்பது அவருடைய தொடக்கம். நல்ல நோக்கம் ஒன்றை மெய்யாலும் அடையலாம், பொய்யாலும் அடையலாம் என்றிருந்தால் அங்கே பொய் விலக்கப்பட்டது. பொய்யால் மட்டுமே அடைய முடியுமாயின், அந்நோக்கம் ஆகுமானதாக இருக்குமிடத்துப் பொய்யும் ஆகும். அந்நோக்கம் கட்டாயக் கடமையாக இருக்குமிடத்துப் பொய்யும் கடமையாகவே ஆகிவிடும். கொடியவனுக்கு அஞ்சி ஒளிந்திருப்பவனை அவர் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார்; அவனைக் காட்டிக்கொடுக்கும் உண்மை அவருக்கு ஏற்புடையது அன்று.

ஆயினும் கஸ்ஸாலியின் மேதை இத்தீர்ப்பில் இல்லை; இதனைச் சூழ அவர் எழுப்பும் வேலியில் உள்ளது. மனித மனத்தின் வஞ்சனைகளை அவரளவு நுணுக்கமாகக் கண்டவர் சிலரே. ஒருமுறை கதவு திறந்தால் மனம் அவ்வழியிலேயே நடக்கப் பழகிவிடும் என்பதால், முதலில் இருபொருள்படும் மறைமொழியால் தப்ப முடியுமா என்று பார்க்கச் சொல்கிறார். அதையும் தேவையின்றிக் கையாளலாகாது என்கிறார். மக்கள் கூறும் பொய்களில் பெரும்பாலானவை செல்வத்துக்காகவும் செல்வாக்குக்காகவும் கூறப்படுபவை என்று கண்ட அவர், தன் நலம் பற்றிய இடத்தில் அந்நலத்தை விட்டுக்கொடுத்துப் பொய்யைத் தவிர்ப்பதே மேல் என்றும், பிறருடைய உரிமை பற்றிய இடத்தில் அவ்வாறு விட்டுக்கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை என்றும் பிரித்துரைக்கிறார். இந்தப் பிரிவினை எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. நான் இழக்கக்கூடியது என்னுடையதை மட்டுமே. ஒளிந்திருப்பவனின் உயிரை விலையாகக் கொடுத்து என் வாய்மையை நான் வாங்கிக்கொள்ள முடியாது.

இதற்கு நேர் எதிரே, கோனிக்ஸ்பெர்க் நகரில், இமானுவேல் கான்ட் நிற்கிறார். நண்பனைத் தேடி வரும் கொலைஞனிடத்தும் பொய் கூறுவது குற்றம் என்று ஒரு ஜெர்மானியத் தத்துவர் சொல்வதாகவும், அக்கொள்கையை அப்படியே நடைமுறைப்படுத்தினால் சமுதாய வாழ்வே இயலாது என்றும், உண்மைக்கு உரிமையுடையவனுக்கு மட்டுமே உண்மை கூறும் கடமை உண்டு என்றும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்தான் 1797இல் எழுதினார். அதே ஆண்டு, தம் 73ஆம் வயதில், கான்ட் மறுமொழி எழுதினார். ஆம், குற்றமே என்றார். ஒரு பொய்யால் அக்கொலைஞனுக்கு அநீதி விளையாமல் போகலாம். ஆனால் சொல் நம்பத்தக்கது என்னும் அடிப்படையின்மீதே எல்லா ஒப்பந்தங்களும் எல்லா உரிமைகளும் நிற்பதால், அந்த ஊற்றைக் கெடுப்பவன் மனித குலம் முழுமைக்கும் தீங்கிழைத்தவன் ஆகிறான் என்பது அவர் வாதம். மேலும், நண்பன் நமக்குத் தெரியாமல் வெளியேறியிருக்க, வீட்டில் இல்லை என்று நாம் கூறிய பொய்யை நம்பித் திரும்பிய கொலைஞன் வழியில் அவனைக் கண்டு கொன்றால், அச்சாவுக்கு நாமே பொறுப்பாவோம் என்றும் வாதிட்டார்.

கான்ட்டை இரக்கமற்றவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. நான் அவ்வாறு செய்ய மாட்டேன். 1794இல், சமயம் பற்றி இனி எழுதலாகாது என்று பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் வில்லியம் அவரைக் கண்டித்தபோது, மன்னரின் மிக விசுவாசமான குடிமகன் என்ற முறையில் எழுதாதிருப்பதாக அவர் உறுதியளித்தார். 1797 நவம்பரில் அம்மன்னர் இறந்ததும், அவ்வுறுதி அவருடைய ஆயுளோடு முடிந்தது என்று கருதி மீண்டும் எழுதத் தொடங்கிய கான்ட், அச்சொற்களை அதன் பொருட்டே கவனமாகத் தேர்ந்ததாகத் தாமே பின்னர் அச்சில் வெளிப்படுத்தினார். அதிகாரத்தின்முன் நின்ற கான்ட் கையாண்டது கஸ்ஸாலி கூறிய மறைமொழிக்கு மிக அருகில் உள்ளது. அவர் தம்மிடமிருந்து பொய்யை விலக்கினார். தம் உள்ளம் முழுவதையும் திறந்து காட்டும் கடமை தமக்கு உண்டு என்று ஒருபோதும் ஒப்பவில்லை.

மேலை மரபு ஒரே குரலில் பேசுவதும் இல்லை. கான்ட்டைப் போலவே எல்லாப் பொய்யையும் விலக்கிய புனித அகுஸ்தினார், ஏறத்தாழ 395இல் பொய்யைப் பற்றி எழுதிய நூலில், தம் பிறந்த ஊராகிய தகாஸ்தேயில் முன்னர் ஆயராக இருந்த ஃபிர்முஸ் என்பவரைப் பற்றிக் கூறுகிறார். தம்மிடம் அடைக்கலம் புகுந்தவனைத் தேடிப் பேரரசரின் ஏவலர் வந்தபோது, பொய் சொல்லவும் மாட்டேன், காட்டிக்கொடுக்கவும் மாட்டேன் என்று கூறிய ஃபிர்முஸ், பலவாறு வதைக்கப்பட்டும் அசையவில்லை. அவ்வுறுதியைக் கண்டு வியந்த பேரரசரிடமிருந்தே அம்மனிதனுக்கு மன்னிப்பும் பெற்றுத் தந்தார். கான்ட் காணத் தவறிய மூன்றாவது வழி இது. அதன் விலையைத் தம் உடலால் செலுத்துபவர்க்கே அது திறக்கும். தகாஸ்தே இன்றைய அல்ஜீரியாவில் உள்ளது என்பதையும், கஸ்ஸாலி அரிஸ்டாட்டிலின் மரபை அரபு வழியே ஆழ்ந்து கற்றவர் என்பதையும் நினைத்தால், மேலை, இஸ்லாமியம் என்று நாம் இட்ட கோடுகள் எவ்வளவு மெல்லியவை என்பதும் புலப்படும். சீனத்தில், ஆடு திருடிய தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்ன மகனை நேர்மையாளன் என்று ஒரு சிற்றரசர் புகழ்ந்தபோது, எங்கள் பக்கத்தில் தந்தை மகனையும் மகன் தந்தையையும் மறைப்பதிலேயே நேர்மை உள்ளது என்று கன்பூசியஸ் மறுத்ததையும் இங்கே குறித்துவிட்டு மேற்செல்கிறேன்.

இவையெல்லாம் வகுப்பறைக் கற்பனை என்று எண்ணியிருந்தோர்க்கு இருபதாம் நூற்றாண்டு விடை அளித்தது. 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை அல்பேனியாவில் புகுந்தபோது, பெரும்பான்மையும் முஸ்லிம்களாகிய அந்நாட்டு மக்கள், அடைக்கலம் தேடி வந்த யூதர்களுக்குத் தம் உடையையும் தம் பெயர்களையும் அளித்து, எங்கள் உறவினர் என்று சொல்லிக் காத்தனர். போர் முடிந்தபோது அந்நாட்டில் யூதரின் தொகை தொடக்கத்தில் இருந்ததைவிட மிகுந்திருந்தது. 1983 ஜூலையில் கொழும்பில், கொலைக் கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்தபோது, இங்கே தமிழர் எவரும் இல்லை என்று கூறி, அண்டை வீட்டாரைத் தம் அறைகளில் ஒளித்து வைத்த சிங்களக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் கஸ்ஸாலியையோ கர்ண பருவத்தையோ படித்தவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் சொன்ன பொய்யால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது ஆபத்து ஒன்றே.

அக்கும்பல்களின் கையில் வேறொன்று இருந்தது: வாக்காளர் பட்டியல். அதில் ஒரு பொய்யும் இல்லை. பெயரும் தெருவும் வீட்டு எண்ணும் உள்ளபடியே இருந்தன. நெதர்லாந்திலும் இவ்வாறே, சீராகவும் நேர்மையாகவும் பேணப்பட்ட குடிமக்கள் பதிவேடு, ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் முக்கால் பங்கினரை அழிவுக்கு அனுப்பத் துணையாயிற்று. அதை உணர்ந்த ஓவியர் வில்லெம் அரோந்தேயஸும் தோழர்களும் 1943 மார்ச் 27 இரவு காவலர் உடையில் சென்று, ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குத் தீயிட்டனர். காவலிருந்த எவரையும் கொல்லாமல் மயக்க மருந்தளித்து அப்புறப்படுத்திய பின்னரே தீயிட்டனர். அவரும் தோழர் பலரும் அவ்வாண்டு ஜூலை 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகவே, கௌசிகனின் இருக்கையில் இன்று அமர்ந்திருப்பது பெரும்பாலும் ஒரு மனிதன் அன்று. கேட்டவனுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லும் பதிவேடும் கணிப்பொறியும் அங்கே அமர்ந்திருக்கின்றன. கேட்பவனின் முகத்தை அவை பார்ப்பதில்லை.

இதனால் கான்ட்டின் கடுமை பயனற்றுப் போயிற்று என்று கொள்ளவேண்டா. அமைச்சர் மக்களுக்குக் கூறும் சொல், மருத்துவர் எழுதும் சான்று, வாணிகர் விளம்பரம், பத்திரிகைச் செய்தி, நாம் கையிலுள்ள பேசியால் ஊரெங்கும் பரப்பும் செய்தி ஆகியவற்றில், வாயிலில் கொலைஞன் எவனும் நிற்பதில்லை; அங்கே விலக்குக் கேட்பவன் தன் நலத்துக்காகவே கேட்கிறான். அத்தகைய பொதுச் சொல்லின் எல்லைக்குள் நான் ஐயமின்றிக் கான்ட்டின் பக்கம் நிற்கிறேன். கஸ்ஸாலியும் அங்கே அவருக்கு அருகில்தான் நிற்கிறார்.

ஆனால் இம்மரபுகளைப் பயிலும் நாம் ஒன்றைக் கவனியாமல் விட்டுவிட்டோம். விடை சொல்பவனின் அறத்தையே ஆராய்ந்தோமேயன்றி, கேள்வி கேட்பவனின் அறத்தைப் போதிய அளவு ஆராயவில்லை. நாசி ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டு, 1945இல் தூக்கிலிடப்பட்ட இறையியலாளர் போன்ஹோஃபர், பெர்லினின் டேகல் சிறையில் இருந்தபடி, உண்மை பேசுதல் என்றால் என்ன என்று ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். உன் தந்தை குடித்துவிட்டு வீட்டுக்கு வருவது உண்மையா என்று ஆசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு சிறுவனைக் கேட்கிறார். உண்மையாயிருந்தும் சிறுவன் இல்லை என்கிறான். குடும்பத்தின் எல்லைக்குள் புகுந்து கேட்கத்தகாததைக் கேட்ட ஆசிரியரே அப்பொய்யின் பழியை ஏற்க வேண்டியவர் என்பது போன்ஹோஃபரின் தீர்ப்பு.

கஸ்ஸாலி தம் நூலில் எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சி இதையே ஆட்சியாளர்க்கு உரியதாக்குகிறது. மதீனாவில் இரவில் நகர்வலம் வந்த கலீஃபா உமர், ஒரு வீட்டுச் சுவரின்மேல் ஏறி, உள்ளே ஒருவன் தகாத நிலையில் இருக்கக் கண்டு அதட்டினார். அவனோ, நான் இறைவனுக்கு ஒரு பிழை செய்தேன். தாங்கள் மூன்று செய்தீர்கள். துருவிப் பார்க்காதீர்கள் என்று இறைவன் சொல்லியிருக்கப் பார்த்தீர்கள், வாயில் வழியே வாருங்கள் என்றிருக்கச் சுவரேறினீர்கள், அனுமதியும் ஸலாமும் இன்றிப் பிறர் இல்லத்துள் நுழையாதீர்கள் என்றிருக்க நுழைந்தீர்கள் என்று விடையிறுத்தான். பேரரசின் தலைவராகிய உமர், மன்னித்தால் இனித் திருந்துவாயா என்று கேட்டு, ஆம் என்ற சொல்லைப் பெற்றுக்கொண்டு திரும்பிச் சென்றார்.

நம் மாணவர்களில் பலர் நாளை அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கணிப்பொறி நிறுவனங்களிலும் அமர்ந்து, கோடிக்கணக்கான மக்கள் நிரப்ப வேண்டிய படிவங்களை வகுக்கப் போகிறார்கள். சாதி, சமயம், நோய், வருவாய், வீட்டு முகவரி என்று ஒவ்வொரு கட்டத்தையும் அவர்கள் வரையும்போது, இக்கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா, இவ்விடை எவன் கையில் போய்ச் சேரும் என்று ஒருமுறை சிந்திப்பார்களாயின், வாயிலில் நிற்பவனிடம் என்ன சொல்வது என்ற இக்கட்டு எத்தனையோ வீடுகளுக்கு நேராமலே போகும்.