5-ஆம் நம்பர் வீடு எந்தத் தெருவில்?



என் வீட்டுக் கம்ப்யூட்டரின் முகவரி 192.168.1.5. உங்கள் வீட்டிலும் அதே எண் இருக்கலாம். எப்படிங்க? தெருவுக்குத் தெரு 5-ஆம் நம்பர் வீடு இருக்கிற மாதிரிதான்! அந்த எண் அந்தந்த வலைக்குள் மட்டுமே செல்லும்.

செய்தி வெளியே போகும்போது, வாசலில் உள்ள ரவுட்டர் தன் முகவரியைப் போட்டு அனுப்பும். பதில் வந்தால், குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். இதற்கு 'நேட்' என்று பேர். ஆனால் வெளியிலிருந்து முதலில் வரும் செய்திக்குக் குறிப்பு ஏது? வாசலோடு சரி. ஆகவேதான் பெரும்பாலும் நடுவே யாரோ ஒருவருடைய சர்வர் தேவைப்படுகிறது. அது படுத்தால் நம் பேச்சும் படுத்துவிடும்!

ஐ.பி.வி.4-ல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதன் உலக மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. 128 பிட் கொண்ட ஐ.பி.வி.6-ல் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரலாம். யாரை உள்ளே விடுவது என்பதை ஃபயர்வாலில் நாமே தீர்மானிக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேபில் இரண்டு வலைகளை அமைத்து, இடையில் சர்வர் இல்லாமல் ஒரே ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். புத்தகத்தில் புரியாதது அதில் புரியும்.