ரமாபாய் கண்ட மனநிறைவு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றி இருக்கிறது. மனநிறைவு ஊரில் இருக்கிறது. மாதுங்காவிலோ கரோல்பாகிலோ நாம் கழிப்பதெல்லாம் அதற்கு முந்திய காத்திருப்பு என்பதே அது. பெண்ணின் திருமணம் முடியட்டும், ஓய்வூதியம் வரட்டும், ஊரில் ஒரு வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்போம் என்கிறோம். திரும்பிச் செல்ல ஊரே இல்லாதவருக்கு நிறைவு எங்கிருந்து வரும்? கிறிஸ்தவ நம்பிக்கையின் வழியே அதனைக் கண்ட பண்டித ரமாபாயின் வாழ்க்கை இவ்வினாவை ஆராயத் தகுந்தது.

இன்றைய கர்நாடகத்தில், மேற்கு மலைத்தொடரின் கங்காமூலக் காட்டில், 1858இல் அவர் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்களுக்கும் வடமொழி கற்பிக்கலாம் என்று துணிந்தவர். பொருள் கரைந்தபின் குடும்பம் கோயில் கோயிலாகச் சென்று புராணம் படித்துப் பிழைத்தது. 1870களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது தந்தையும் தாயும் தமக்கையும் அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய தமையனும் தங்கையும் வடக்கு நோக்கி நடந்தனர். ஜீலம் ஆற்றங்கரையில் குளிர் தாங்காமல், குழி தோண்டித் தலை மட்டும் வெளியே தெரிய, உலர்ந்த மணலால் உடலை மூடிக்கொண்டு உறங்கினார்கள். 1878இல் கல்கத்தாவை அடைந்தபோது, அந்நகரப் புலவர்கள் இருபது வயதுப் பெண்ணின் வடமொழிப் புலமையைக் கண்டு வியந்து ‘பண்டிதை’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டம் சூட்டினர். 1880இல் தமையன் இறந்தார். அவ்வாண்டே மணந்த வங்காளக் கணவரும் 1882இல் வாந்திபேதியால் காலமானார். கையில் மனோரமா என்னும் பெண் குழந்தை மட்டுமே எஞ்சியது.

மருத்துவம் பயிலும் நோக்குடன் 1883இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குன்றியிருந்தமையால் அக்கல்வி கைகூடவில்லை. அவ்வாண்டே வான்டேஜ் நகரில் திருமுழுக்குப் பெற்றார். மதம் மாறியோர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் மங்களம் பாடிவிடுவர். ரமாபாயின் கதை அப்படி முடியவில்லை. தம்மை ஏற்ற கன்னியர் கூறிய கோட்பாடுகளை அவர் ஒவ்வொன்றாக வினவினார். அணியும் சிலுவையில் இலத்தீன் வாசகம் எதற்கு, நமது தொன்மையான வடமொழி இருக்கக் கூடாதோ என்று வாதாடினார். (தாய்மொழியைத் தொலைவிலும் பேணும் நமக்கு இது தித்திக்கும் செய்திதான்!) பின்னர் அமெரிக்காவில் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1889இல் பம்பாயில் விதவையருக்காகச் சாரதா சதனத்தை நிறுவினார். புகழ் இருந்தது, பணி இருந்தது. நெஞ்சில் அமைதி இல்லை. சமயத்தைத் தாம் கண்டடைந்தும், அதன் உயிரான கிறிஸ்துவைக் காணவில்லை என்னும் கருத்தை 1907இல் வெளியிட்ட தம் சாட்சியத்தில் அவர் மனந்திறந்து எழுதியுள்ளார்.

திருமுழுக்குக்கு ஏறத்தாழ எட்டாண்டுகளுக்குப் பின்னரே அவ்வமைதி வந்தது. பஞ்ச காலத்தில் தெய்வங்களின் அருளை வேண்டி, இருந்த பொருளையெல்லாம் காணிக்கையாகச் செலவிட்ட குடும்பம் அது. புதிய சமயத்தையும் அவர் முதலில் ஒரு புலமையாகவும் ஒழுக்கப் பட்டியலாகவுமே கைக்கொண்டிருந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. இறைவனின் மன்னிப்பு உழைத்துப் பெறும் கூலி அன்று, கொடை என்று தெளிந்த பொழுதே, தீராத கணக்கு ஒன்று தீர்ந்தது. சிறையிலிருந்து பிலிப்பு நகரத்தாருக்குக் கடிதம் எழுதிய பவுலடிகளும், மனநிறைவைத் தாம் கற்றுக்கொண்டதாகவே குறிப்பிடுகிறார். அவர் கையாண்ட கிரேக்கச் சொல், தனக்குத் தானே போதுமானவன் என்று பெருமிதம் கொள்ளும் தத்துவ ஞானியர்க்கு உரியது. பவுலடிகளோ போதுமான தன்மையைத் தம்மிடத்தில் தேடாமல் கிறிஸ்துவினிடத்தில் கண்டார்.

இந்நிறைவு ரமாபாயை ஓய்ந்திருக்கச் செய்யவில்லை, பிணக்கிலிருந்தும் காக்கவில்லை. சதனத்துப் பெண்கள் கிறிஸ்தவத்தை நாடுகின்றனர் என்று 1893இல் புனேயில் பெரும் பூசல் எழுந்தது. ரானடே, பண்டார்கர் போன்ற பெரியோர் ஆலோசனைக் குழுவினின்று விலகினர். சமய நடுநிலை உண்டு என்று நம்பிப் பெயர் கொடுத்தவர்களின் மனத்தாங்கலை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. ரமாபாயும் தம் நம்பிக்கையை மறைத்து வாழ இசையவில்லை.

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் மூண்டது. பசியின் முகத்தை இளமையிலேயே கண்டவராதலின் அவரால் வாளா இருக்க முடியவில்லை. தாமே அங்குச் சென்று, நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்தார். புனேயிலிருந்து சோலாப்பூர் செல்லும் இருப்புப் பாதையிலுள்ள கேட்காவில், முக்தி என்னும் இல்லம் எழுந்தது. 1900ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின் ஏறத்தாழ 2,000 பேர் அங்கே வாழ்ந்தனர். நெசவு நடந்தது, பார்வையற்றோர்க்குக் கல்வி நடந்தது, அச்சகமும் ஓடியது. ஊரற்றவராக வளர்ந்தவர் ஓர் ஊரையே அமைத்துவிட்டார் எனலாம்.

1921 சூலையில் மகள் மனோரமா இறந்தார். தாய்க்கு அப்போது அறுபத்து மூன்று வயது. அவர் இல்லத்தைக் கைவிடவில்லை. எபிரேயத்தினின்றும் கிரேக்கத்தினின்றும் விவிலியத்தை எளிய மராத்தியில் பெயர்க்கும் நெடும்பணியில் தொடர்ந்து அமர்ந்தார். 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் கண்மூடினார். அந்நூலுக்கு எழுத்துக் கோத்து அச்சிட்டவர்கள் முக்தி இல்லத்துப் பெண்களே.