இரைப்பைக் கிருமியும் கல்லீரல் கொழுப்பும்



வயிறு எரிந்தால் "கேஸ்ட்ரிக்" என்று நாமே பெயர் சூட்டி, வெள்ளை மருந்தை இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது நம்மவர் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒரு கிருமி இருக்கக்கூடும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பவில்லை. இரைப்பை அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும் என்று கேட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள் அதை மறுத்தார்கள். 1984ஆம் ஆண்டில் மார்ஷல் அக்கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாள்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டன. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் இக்கிருமி இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணம். சிலருக்குப் புற்றுநோய்க்கும் வழிவிடுகிறது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியரிடமும் சீனரிடமும் இது அதிகம் என்று இந்நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இக்கிருமி உள்ளவர்களிடம் கல்லீரல் கொழுப்பும் சற்று அதிகம் என்று பின்னர் பல ஆய்வுகள் கூறின. நீடித்த அழற்சியால் இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போகிறது, அதனால் கொழுப்பு சேர்கிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. இரு மாணவர்கள் ஒன்றாகத் தாமதித்து வந்தால், ஒருவன் மற்றவனைக் கெடுத்தான் என்று உடனே பிரம்பை எடுக்கலாமா? பேருந்து பழுதாகியிருக்கலாம்!

எனக்கு இரண்டும் இருந்தன. பதினான்கு நாள் மாத்திரைகளை, வாய்க் கசப்போடு விழுங்கி முடித்தேன். பிறகு செய்த மூச்சுச் சோதனையில் கிருமி இல்லை. கல்லீரலும் தேறிவிட்டதென்று நானே முடிவுகட்டி, காலையில் ரொட்டி சானாய், மாலையில் தே தாரேக் என்று பழையபடி தொடங்கினேன். ஓராண்டு கழித்து ஸ்கேனில் கொழுப்பு அப்படியே இருந்தது. மருத்துவர் கோபிக்கவில்லை. "சார், மாத்திரை வயிற்றுக்கு, கல்லீரலுக்கு நீங்கள் நடக்க வேண்டும்," என்றார். உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் கல்லீரல் அழற்சியும் தணியும் என்று விளக்கினார். 80 கிலோவிலிருந்து 74க்கு வர எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. சீனி இல்லாத தேநீர் இன்னும் நாக்குக்குப் பழகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காகக் கிருமியை அலட்சியம் செய்யாதீர்கள். இரைப்பைப் புண் இருந்தவர்களும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தார்க்கு இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்களும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால், மிஞ்சிய கிருமிக்கு அதே மருந்து பிறகு பலிக்காமல் போகலாம்.