முதுமையும் சப்பாத்தும்

மனித உடலின் உறுப்புகளுள் மிகுதியாக உழைப்பதும் குறைவாகக் கவனிக்கப்படுவதும் பாதமே ஆகும். கண்ணாடி வாங்க விரும்பும் முதியவர் தம் கண்களைச் சோதிப்பித்த பின்னரே அதனை வாங்குகிறார். அவரே சப்பாத்து வாங்கச் செல்லும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் அறிந்த இலக்கத்தைக் கடைக்காரரிடம் கூறி, கொடுத்த பெட்டியைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார். சமநிலத்தில் இப்பிழை பெரிதாகத் தோன்றாது. ரிவர்ஸ்டன் போன்ற மலைப்பாதையிலோ அதன் பயன் ஒரு நாழிகைக்குள் தெரிந்துவிடும்.

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புர நோக்கிச் செல்லும் வீதியில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் ரிவர்ஸ்டன் அமைந்துள்ளது. மடக்கிய கைவிரல்களின் கணுக்களைப் போலத் தோன்றியமையால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் எனப் பெயரிட்ட மலைத்தொடரைச் சேர்ந்தது இவ்விடம். 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இலங்கை மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளுள் அத்தொடரும் ஒன்றாகும். ஆளைத் தள்ளும் காற்றும், கணப்பொழுதில் வழியை மறைக்கும் மூடுபனியும், பாசி படர்ந்த ஈரப்பாறையும், மழைக்காலத்து அட்டைகளும் இங்கு வருவோரை எதிர்கொள்கின்றன. பிட்டவல பத்தனைப் புல்வெளியில் உலாவவும், சேரா எல்ல நீர்வீழ்ச்சியை நோக்கிப் படியிறங்கவும் விரும்புவோருள் அறுபதைக் கடந்தவர்களும் உளர்.

மாத்தளைத் தமிழருக்கு நடை புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தென்னிந்தியத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மாண்டவர் பலர். சப்பாத்து என்னும் சொல்லே போர்த்துக்கேயர் வழியாக நம் மொழிக்கு வந்ததாகும். ஆதலின், “நம் முன்னோர் வெறுங்காலுடன் நடக்கவில்லையா?” என்று முதியோர் சிலர் வினவுதல் இயல்பே. நடந்தவர்கள் பெரும்பாலும் இளமையினர் என்பதையும், அந்நடை அவர்களுக்கு விருப்பத்தால் வாய்த்ததன்று என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

முதுமை பாதத்தை எவ்வாறு மாற்றுகிறது? எலும்புகளைப் பிணைக்கும் நாண்கள் தளர்வதால் பாதத்தின் வளைவு தாழ்கிறது. பாதம் அகலமும் நீளமும் பெறுகிறது. குதிகாலிலும் விரலடியிலும் மெத்தைபோல் அமைந்த கொழுப்புத் தசை மெலிகிறது. தரையின் மேடுபள்ளத்தை மூளைக்கு அறிவிக்கும் உணர்ச்சியும் மழுங்குகிறது. முதல் இரு மாற்றங்களும் வலியைத் தருவன. மூன்றாவது மாற்றமோ வீழ்ச்சிக்கு வழிவகுப்பது.

இவ்விடத்தில் முற்றிலும் வேறான ஒரு கூட்டத்தாரின் அனுபவம் நமக்குத் துணைபுரிகிறது. சக்கரம் பூட்டிய சிறு பலகைமீது நின்று சறுக்கி விளையாடும் ஸ்கேட்போர்டு வீரர்களே அவர்கள். 1966ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் தொடங்கப்பெற்ற வேன் டோரன் ரப்பர் கம்பனியின் சப்பாத்துகள், பலகையை நன்கு பற்றிய தட்டையான ரப்பர் அடியால் இவ்விளையாட்டினரைக் கவர்ந்தன. அன்று விளையாடிய சிறுவர் இன்று முதியோராகிவிட்டனர். ஆயினும் பலர் பலகையை விடவில்லை. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் சார்பில் ஆண்டி மெக்டொனால்ட் இவ்விளையாட்டில் போட்டியிட்டபோது அவருடைய வயது 51.

வயது ஏறிய வீரர் சப்பாத்துத் தேர்வில் ஓர் இக்கட்டை எதிர்நோக்குகிறார். மெல்லிய அடி பலகையின் ஒவ்வோர் அசைவையும் பாதத்திற்கு உணர்த்தும். ஆனால் குதித்து இறங்கும் அதிர்ச்சியைக் குதிகாலே தாங்க வேண்டும். கிண்ணம்போல் வார்த்த தடித்த அடி அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் பலகையின் உணர்ச்சியை மறைக்கும். ஆகவே, மிக மெல்லியதையும் மிகத் தடித்ததையும் விலக்கி, உள்ளே மாற்றத்தக்க நல்ல உள்ளடியை இட்டு, இரு நன்மைகளையும் ஓரளவு பெற முயல்வதே அவருக்கு உகந்த வழி.

மலையேறும் முதியவரின் இக்கட்டும் இதுவே. கடையில் அணிந்து பார்க்கும்போது பஞ்சுபோல் அமிழும் சப்பாத்து இனிமையாகத் தோன்றும். சரிவான பாறையில் அதே மென்மை பாதத்தைத் தள்ளாடச் செய்யும். மென்மை ஓரளவும் உறுதி பேரளவும் உடையதே அவருக்குத் தக்கது. எனினும் ஸ்கேட்போர்டுச் சப்பாத்தையே அணிந்து ரிவர்ஸ்டனுக்குச் செல்லுதல் தகாது. தட்டையான அடி பலகைக்கு ஏற்றது. ஈரமண்ணுக்கும் பாசிக்கும் ஆழ்ந்த பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடியே வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை எளியது. மாலையில் கடைக்குச் செல்லுதல் நலம். பகல் முழுதும் நடந்த பாதம் சிறிது வீங்கியிருக்கும். இரு பாதங்களையும் நின்றவாறே அளந்து, பெரிய பாதத்திற்கு ஏற்ப வாங்க வேண்டும். நடைக்கு அணியும் காலுறையையே, அதாவது மேசையே, அப்போதும் அணிந்திருத்தல் வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு பெருவிரல் அகலம் இடம் இருத்தல் அவசியம். சப்பாத்தின் பின்பகுதியை விரலால் அழுத்தினால் அது எளிதில் மடங்கலாகாது. முன்பகுதி விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் வளைவதும், துணியைப் பிழிவதுபோல் முறுக்க இயல்வதும் பாதத்தைத் தாங்கமாட்டா. “அணிய அணியச் சரியாகிவிடும்” என்னும் விற்பனையாளரின் ஆறுதலை நம்புதல் வேண்டா.

ஏறுவதினும் இறங்குவதே முழங்காலுக்குப் பெருஞ்சோதனை. இறக்கத்தில் பாதம் முன்னோக்கி வழுக்கி, விரல் நகங்கள் சப்பாத்தின் முனையில் மோதும். ஆதலால் இறங்குமுன் சற்றே அமர்ந்து, குதிகாலைப் பின்னே பொருத்தி, கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டுதல் வேண்டும். கையில் ஒரு தடியும் இருப்பின் முழங்காலின் பாரம் குறையும். புதிய சப்பாத்தை வீட்டருகே பல நாள் அணிந்து பழகிய பின்னரே மலைக்குக் கொண்டு செல்லுதல் தகும். பல ஆண்டு அலுமாரியில் வைத்திருந்ததையும் சோதிக்க வேண்டும். சிலவகைச் செயற்கை அடிகள் ஈரக்காற்றில் நாளடைவில் நொறுங்கி, நடைவழியிலேயே பெயர்ந்துவிடும்.

நீரிழிவு உடையோர் இன்னும் விழிப்பாக இருத்தல் கடன். உணர்ச்சி குன்றிய பாதத்தில் உறுத்தும் சிறு கல் வலியை எழுப்பாது, புண்ணையே உண்டாக்கும். அணியுமுன் சப்பாத்தினுள் கையிட்டுப் பார்ப்பதும், வீடு திரும்பியதும் பாதத்தை நன்கு ஆராய்வதும் அவர்களுக்கு அன்றாட வழக்கமாதல் வேண்டும். அட்டை கடித்த இடத்தையும் கழுவித் தூய்மை செய்து கவனித்தல் நன்று.

தோட்டப்புறங்களில் முதியோர் பலர் தேய்ந்த ரப்பர்ச் செருப்புடனேயே சரிவுகளில் நடமாடுகின்றனர். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெற்றோருக்கு வேட்டியும் சேலையும் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் அவர்களுடைய பாதங்களை அளந்து பார்ப்பது அரிது. ஒரு வீழ்ச்சியில் இடுப்பெலும்பு முறிந்த முதியவர் மீண்டும் பழைய நடையைப் பெறுதல் எளிதன்று. நடை நின்றவருக்குக் கோயிலும் சந்தையும் உறவினர் வீடும் ஒருங்கே தொலைவாகிவிடுகின்றன. பொருத்தமான ஒரு சோடிச் சப்பாத்தின் மதிப்பை அந்த இழப்போடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்தல் குடும்பத்தாரின் பொறுப்பாகும்.