அச்சிட்ட எஞ்சினும் உலைச் சூடும்



பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவு தயாரானதும் நேரே தறியில் ஏற்றிவிட மாட்டார்கள். விடியற்காலையில் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காயவைத்த பிறகுதான் இழை தறியின் அடியைத் தாங்கும். ராக்கெட் எஞ்சினுக்கும் அப்படி ஒரு பின்வேலை உண்டு.

2024 மே 30 காலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அக்னிபான் சோதனை ராக்கெட் கிளம்பியது. சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் அது. அதன் எஞ்சினை ஒட்டு, பற்றவைப்பு இல்லாமல் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்திருந்தார்கள். உலோகம் இன்கோனல் 718: பாதிக்கு மேல் நிக்கல், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குரோமியம், 5 சதவீதம் நியோபியம்.

இந்தக் கலவையை அச்சிடும்போது, மெல்லிசாகப் பரப்பிய பொடியை லேசர் உருக்கிக்கொண்டே போகும். உருகிய இடம் கண் இமைப்பதற்குள் உறைந்துவிடும். வம்பே அந்த வேகத்தில்தான். பொருளுக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. சூடு காட்டாமல் அச்சுத் தட்டிலிருந்து அறுத்தால் வளைந்துபோகும். நியோபியமும் சீராகக் கலக்காமல் திட்டுத்திட்டாக ஒதுங்குகிறது.

அதனால் முதலில் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றித் திட்டுகளைக் கரைக்கிறார்கள். வழக்கமான முறையில், அடுத்து 720 டிகிரியில் எட்டு மணி நேரம். மெதுவாக 620-க்கு இறக்கி இன்னொரு எட்டு மணி நேரம். அப்போது நிக்கலும் நியோபியமும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக உள்ளே விளைகின்றன. பலம் அதில்தான் வருகிறது. அச்சிட்டபடியே சதுர மில்லிமீட்டருக்கு 60, 70 கிலோ இழுப்பில் நீளத் தொடங்கும் உலோகம், இதன்பின் 100 கிலோவுக்கு மேலும் அசையாது. ராக்கெட் கிளம்புவதை ஊரே பார்க்கிறது. உலையில் கிடக்கும் அந்தப் பதினாறு மணி நேரத்தை யாரும் படம் பிடிப்பதில்லை. பிடித்தாலும் பார்க்க ஒன்றும் இருக்காது என்பது வேறு விஷயம்!

ஆனால் பலம் மட்டும் போதாத இடங்கள் உண்டு. எண்ணெய்க் கிணற்றில் இதே உலோகம் உப்புநீரிலும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயுவிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டும். சூடு தவறினால், உலோக மணிகளின் விளிம்பில் ஊசி ஊசியாக வேறொரு படிகம் வளர்ந்து, விரிசலுக்கு வழிவிடும். அங்கே 1,030 டிகிரியை ஒட்டிக் கரைத்து, விரைவாகக் குளிர்வித்து, 780-ஐ ஒட்டி ஒரே கட்டமாக ஆறு முதல் எட்டு மணி நேரம் வைக்கிறார்கள். பலம் கொஞ்சம் குறையும். குறையட்டும் என்று தெரிந்தே விடுகிறார்கள்.

சூடு சரியாகப் பிடித்ததா என்று எஞ்சினை அறுத்துப் பார்க்க முடியாது. அதனால் அதே தட்டில் சில கம்பிகளையும் சேர்த்து அச்சிட்டு, அதே உலையில் வைத்து, பிறகு அவற்றை அறும்வரை இழுத்துப் பார்க்கிறார்கள்.